ஓர் ஓட்டும் ஒரு கணக்கு நோட்டும்

சென்ற மாதம் எனக்கு 77 வயது ஆனது. பிறந்த நாளன்று காலையில் பேத்தி போன் செய்தாள். வாழ்த்துச் சொல்லி முடித்தவுடன், "தாத்தா, 2020-ல நீங்க ஓட்டுப் போட்டீங்களே, அப்ப பைடனுக்கு என்ன வயசோ அதே வயசு இப்ப உங்களுக்கு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அன்று முழுவதும் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆர்டேகா பார்க்கில் நம்மோடு சனிக்கிழமை காலையில் நடக்கிறவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. அந்த பெஞ்சில் 2020 பிப்ரவரி முழுவதும் நாம் பேசியது இது ஒன்றைத்தான். மீதிப் பாதியை நான் அங்கே சொன்னதில்லை.

நான் இந்த நாட்டின் குடிமகன் ஆனது 2017-ல். ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யும்போது எந்தக் கட்சி என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது. முப்பத்தைந்து வருடம் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தவன் நான். அரசியல் கட்சி என்றாலே நடத்தை விதிகள் ஞாபகத்துக்கு வரும். பழக்க தோஷம், "கட்சி விருப்பம் இல்லை" என்பதில் டிக் அடித்துவிட்டேன். அதற்கு ஒரு விளைவு இருக்கிறது என்பது 2020-ல்தான் தெரிந்தது. கட்சி சாராதவர்களுக்கு வரும் வாக்குச்சீட்டில் ஜனாதிபதி வேட்பாளர் பெயரே இருக்காது. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தக் கட்சியின் சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கவுண்டியிலிருந்து தபால் அட்டை வந்தது. கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினேன். பிப்ரவரி முதல் வாரத்தில் உறை வந்து சேர்ந்தது.

நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் தலைமைக் கழகத்திலிருந்து வரும். நேர்காணல் நடக்கும், அதற்குப் பிறகு ஒரு நாள் பேப்பரில் பெயர்கள் வரும். நாம் படித்துவிட்டு, "இவருக்கா சீட்டு?" என்று ஆச்சரியப்படுவதோடு சரி. இங்கே அந்த வேலையையே வாக்காளர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு பெரிய கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளராக யார் நிற்க வேண்டும் என்று சன்னிவேலில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல வேண்டும். 71 வயதில் இப்படி ஒரு பதவி உயர்வு.

சீட்டைப் பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இருபது பெயர்கள். கோரி புக்கர் போல, அதற்குள் விலகிவிட்டவர்களின் பெயர்களும் அச்சில் இருந்தன. கமலா ஹாரிஸ் டிசம்பரிலேயே விலகிவிட்டார். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் குழப்பமே இருந்திருக்காது. அவருடைய தாத்தா கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். நானும் தஞ்சாவூர்க்காரன். இதற்கு மேல் யோசனை எதற்கு?

என் மனைவி ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். எலிசபெத் வாரன். "டீச்சரம்மா மாதிரி விளக்கமாச் சொல்றாங்க, கேட்டா புரியுது" என்றாள்.

"அவங்க ஜெயிப்பாங்களான்னு யோசிச்சியா?" என்றேன்.

"ஜெயிக்க மாட்டாங்கன்னு எல்லாரும் பயந்துக்கிட்டே இருந்தா பொம்பளை எப்பதாங்க வர்றது?" என்று கேட்டுவிட்டு, உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு மகனிடம் கொடுத்துவிட்டாள். மகன் யாருக்குப் போட்டான் என்று இன்று வரை தெரியாது. கேட்டால் அவனுக்கு மீட்டிங் இருக்கும்.

பேத்திக்கு அப்போது 19 வயது, கல்லூரியில் இருந்தாள். அவளுக்கு பெர்னி சாண்டர்ஸ்தான். சாண்டர்ஸுக்கு அப்போது 78. முந்தைய அக்டோபரில்தான் மாரடைப்பு வந்து லாஸ் வேகஸ் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். பைடன் அவரைவிட ஒரு வயது இளையவர். வயதானவர்களை இளைஞர்களுக்குப் பிடிக்காது என்று யார் சொன்னது? தாங்கள் கேட்க நினைப்பதைச் சொல்கிறவர் என்றால் 78 அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வயதை எண்ணிக்கொண்டிருந்தது நம்மைப் போன்ற கிழவர்கள்தான்.

எனக்கு பைடனா, வேறு யாராவதா என்பதுதான் கேள்வி. வங்கிக்காரன் புத்தி, ஒரு பழைய டைரியில் நடுவே கோடு போட்டு வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதினேன்.

வரவில் எழுத நிறைய இருந்தது. 1972-ல் டெலவேரில் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 29. பதவி ஏற்க 30 ஆகியிருக்க வேண்டும், அது தேர்தலுக்குப் பிறகு அதே மாதத்தில் நிறைந்தது. 36 ஆண்டுகள் செனட். நீதித்துறைக் குழுவுக்கும் வெளியுறவுக் குழுவுக்கும் தலைவராக இருந்தவர். பிறகு எட்டு ஆண்டுகள் துணை ஜனாதிபதி. 2008-ல் ஒபாமா அவரைத் துணைக்கு அழைத்ததற்கு முக்கியமான காரணமே இந்த அனுபவம்தான். வெள்ளை மாளிகையின் வேலை என்ன என்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

என் மனைவி ஒரு வரவு சொன்னாள். செனட்டராக வென்ற சில வாரங்களில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், கார் விபத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தவர். அடிபட்ட இரண்டு பையன்கள் இருந்த ஆஸ்பத்திரியிலேயே பதவிப் பிரமாணம் எடுத்தார். அதன் பிறகு வருடக்கணக்காக வாஷிங்டனுக்கும் வில்மிங்டனுக்கும் தினமும் ரயிலில் போய் வந்தார், பிள்ளைகள் தூங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்று. அந்தப் பையன்களில் மூத்தவரையும் 2015-ல் மூளைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. "அவ்வளவு பட்டவருக்கு அடுத்தவன் கஷ்டம் தெரியும்" என்றாள். "அப்படின்னா நீ ஏன் வாரனுக்குப் போட்டே?" என்றேன். "கஷ்டம் தெரிஞ்சவர்னு சொன்னேன். கணக்குத் தெரிஞ்சவர்னு சொல்லலையே" என்றாள்.

பற்றுப் பக்கமும் காலியாக இல்லை. 2002-ல் ஈராக் போருக்கு அனுமதி கொடுத்து ஓட்டுப் போட்டார். 1991-ல் கிளாரன்ஸ் தாமஸ் விசாரணையில் அனிதா ஹில் என்ற பெண்மணி நடத்தப்பட்ட விதத்துக்கு, குழுவின் தலைவர் என்ற முறையில் அவரும் பொறுப்பு. அனுபவம் என்றால் இதுவும் சேர்ந்ததுதான். நீண்ட காலம் வேலை பார்த்தவனின் பெர்சனல் ஃபைலில் பாராட்டுக் கடிதங்களோடு விளக்கம் கேட்ட மெமோக்களும் இருக்கும். இண்டியானாவில் ஒரு நகரத்துக்கு மேயராக இருந்த 38 வயதுப் பூட்டிஜெஜின் ஃபைல் மெலிசு. அதனால் சுத்தமாகவும் இருந்தது.

இன்னொரு பற்று, இரண்டு முறை ஜனாதிபதி பதவிக்கு முயன்று தோற்றவர். முதல் முயற்சியில், பிரிட்டன் தலைவர் ஒருவரின் பேச்சைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்தினார் என்ற சர்ச்சையில் 1987-லேயே விலகினார். இரண்டாவது முறை 2008-ல் அயோவாவில் ஒரு சதவீதம்கூடக் கிடைக்காமல் அன்று இரவே விலகினார்.

கடைசியாக ஒரு வரி எழுதினேன். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதினேன். "பேச்சில் தடுமாறுகிறார்." சிறு வயதிலிருந்து திக்குவாயோடு போராடியவர் அவர். ஒரு வார்த்தை வராமல் நிற்கும்போது அது ஆறு வயதில் வந்த திக்கலா, 77 வயதில் வந்த மறதியா? பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? திக்கல்தான் என்று முடிவு செய்தேன். அது நியாயமான முடிவுதான். ஆனால் எனக்கு வசதியான முடிவும் அதுதான்.

ஏன் வசதி என்று சொல்ல வேண்டுமானால் 2000-க்குப் போக வேண்டும். எனக்கு அப்போது 52. ஸ்கேல் நான்குக்கான பதவி உயர்வு நேர்காணல். உள்ளே இருந்த ஒருவர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?" என்றார். எட்டு வருடம் என்றேன். தலையை ஆட்டினார். வேறு முக்கியமான கேள்வி எதுவும் வரவில்லை. என்னைவிடப் பதினோரு வயது இளையவருக்குக் கிடைத்தது. நல்ல அதிகாரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்று மூச்சு வாங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. அதிலிருந்து, ஒருவரின் வயதைச் சொல்லி அவரைக் கழிப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

2019 ஜூன் 27 அன்று மயாமியில் நடந்த முதல் விவாதத்திலும் அந்தக் கோபம் வந்தது. நம் பக்கத்துத் தொகுதிக்காரர் எரிக் ஸ்வால்வெல் ஒரு கதை சொன்னார். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது கலிபோர்னியாவுக்கு ஒரு ஜனாதிபதி வேட்பாளர் வந்து, தீபத்தைப் புதிய தலைமுறையிடம் கொடுக்க வேண்டும் என்று பேசினாராம். அந்த வேட்பாளர் பைடன்தான், 32 வருடத்துக்கு முன்னால். அன்று அவர் சொன்னது சரியென்றால் இன்றும் சரிதான், கொடுத்துவிடுங்கள் என்றார். பைடன் சிரித்துக்கொண்டே, தீபம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்கிற மாதிரி பதில் சொன்னார். கூடத்தில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். ஸ்வால்வெல் அடுத்த மாதமே போட்டியிலிருந்து விலகிவிட்டார். எனக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

ஆக, அனுபவக் கணக்கில் பைடனுக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றது. அடுத்த கேள்விதான் பெஞ்சில் நம்மைப் பிரித்தது. இவர் டிரம்பை ஜெயிப்பாரா?

2016-ல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78 ஆயிரம் ஓட்டில்தான் ஹிலரி தோற்றார். பைடன் பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டனில் பிறந்தவர். அந்த ஊர்களின் தொழிலாளிகள் இவரைத் தங்களில் ஒருவராகப் பார்ப்பார்கள் என்பது ஒரு கட்சி. மறுகட்சியில் இருந்த நண்பர் வரலாறு தெரிந்தவர். "சார், 2004-லயும் இப்படித்தான் ஜெயிக்கிற குதிரைன்னு கெர்ரியைத் தேர்ந்தெடுத்தாங்க. தோத்தார். 2008-ல ஒபாமா ஜெயிக்க மாட்டார்னாங்க. ஜெயிச்சார்" என்றார். வயதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் ரீகனைச் சொல்வார். 1984 விவாதத்தில் 73 வயது ரீகன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலாக்க மாட்டேன் என்று சொல்லி, 56 வயது மான்டேலையே சிரிக்க வைத்தவர். 49 மாநிலங்களில் ஜெயித்தார். உடனே இன்னொருவர் டோலையும் மெக்கெய்னையும் இழுப்பார். இரண்டு பேரும் எழுபது தாண்டி நின்று தங்களைவிட இளையவர்களிடம் தோற்றவர்கள். இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிற வழக்கு.

இதற்கிடையில், ஜெயிக்கக்கூடியவர் என்று பெயர் வாங்கிய மனிதர் தோற்றுக்கொண்டே இருந்தார். அயோவாவில் நான்காவது இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. நம் நண்பர் ஒருவர் பொறுமை இழந்து பூட்டிஜெஜுக்குப் போட்டுத் தபாலில் சேர்த்தே விட்டார். என் சீட்டு மட்டும் டைனிங் டேபிளில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தபோது பார்த்துவிட்டாள்.

"இன்னும் போடலையா தாத்தா?"

"யார் ஜெயிப்பாங்கன்னு பாக்கிறேன்மா."

"யார் ஜெயிப்பாங்கன்னு ஏன் பாக்கிறீங்க? யார் வேணும்னு பாருங்க. மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு நினைச்சே எல்லாரும் போட்டா, யாருக்கு என்ன வேணும்னு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது."

இதற்குப் பதில் சொல்ல நான் திணறினேன். பொதுத்தேர்தல் வேறு, பிரைமரி வேறு, இங்கே நாம் நம் பக்கத்துக்கு ஆள் அனுப்புகிறோம், ஜெயிக்கத் தெரியாதவரை அனுப்பி என்ன பயன் என்று ஏதோ சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் சொன்னதும் உண்மை என்று எனக்கே தெரிந்தது. ஒருவர் ஜெயிப்பாரா என்று நாம் கணிப்பது, முன்பின் தெரியாத ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான். விஸ்கான்சினில் இருக்கும் ஒரு பால் பண்ணைக்காரரை நான் பார்த்ததே இல்லை. அவருக்காக நான் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 29, தென் கரோலினா. அதற்கு மூன்று நாள் முன்னால் அந்த மாநிலத்தின் மூத்த எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்துப் பேசினார். நமக்கு ஜோவைத் தெரியும், அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். கறுப்பின வாக்காளர்கள், அதிலும் வயதானவர்கள், அள்ளிக் கொடுத்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டு ஒருவருக்கே போனது.

அன்று இரவு எனக்கு ஒன்று புரிந்தது. டைரியில் நான் எழுதியது வேட்பாளரின் அனுபவம். அந்த மக்கள் எடைபோட்டது வேறு, அவரோடு தங்களுக்கு இருந்த அனுபவம். எத்தனை வருடம் என்பதைவிட, அத்தனை வருடத்தில் நம்மிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது. அவர்கள் ஊகித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழக்கத்தில் வந்த நம்பிக்கை அது.

அடுத்த நாள் பூட்டிஜெஜ் விலகினார். நண்பரின் ஓட்டு வீணானது. அதற்கடுத்த நாள் எமி குளோபச்சர் விலகினார். மார்ச் 3 செவ்வாய் காலையில் பைடன் பெயருக்கு எதிரே மை தீட்டி, உறையில் கையெழுத்திட்டு, நூலகம் வரை நடந்து போய்ப் பெட்டியில் போட்டேன். அன்று 14 மாநிலங்களில் பத்தில் பைடன் ஜெயித்தார். கலிபோர்னியாவில் சாண்டர்ஸ்தான். பேத்தி ஜெயித்தாள், தாத்தா தோற்றார். இங்கே பிரதிநிதிகளை ஓட்டு விகிதப்படி பிரிப்பதால் என் ஓட்டு முழுக்க வீண் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் டெட்ராய்ட்டில் பேசும்போது, அடுத்த தலைமுறைக்கு நான் ஒரு பாலம் என்று பைடன் சொன்னார். கமலாவும் மேடையில் இருந்தார். சரி, ஒரு முறை இருந்துவிட்டு வழி விடுவார் என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். அப்படி அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நவம்பரில் அந்த மூன்று மாநிலங்களையும் ஜெயித்து, 306 தேர்வாளர் ஓட்டுகளோடு ஜனாதிபதியானார். என் கணக்கு சரியாகிவிட்டது. பெஞ்சில் ஒரு வாரம் நான் பேசியதை நீங்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் பெஞ்சில் சொல்லாதது.

2024 மார்ச்சில் மறுபடி பிரைமரி வந்தது. இந்த முறை சீட்டில் 81 வயது பைடன். டீன் பிலிப்ஸ் என்று மினசோட்டாவைச் சேர்ந்த எம்.பி. ஒருவரும் இருந்தார். 55 வயது. பைடன் நல்லவர், ஆனால் வயதாகிவிட்டது, ஜெயிக்க மாட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லி நின்றவர். இதைச் சொன்னதற்காகக் கட்சிக்குள் அவரை யாரும் மதிக்கவில்லை. நானும்தான். டைரியை எடுக்கவில்லை. கோடு போடவில்லை. பைடன் பெயரில் மை தீட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். 2020-ல் ஒரு மாதம் எடுத்துக்கொண்டவன், 2024-ல் இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. பதவியில் இருப்பவரைப் பெரியவர்கள் யாரும் எதிர்க்கவில்லை, 2022 இடைத்தேர்தலில் கட்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்திருந்தது, இப்படி எத்தனையோ காரணம் சொல்லலாம். உண்மைக் காரணம், எனக்குப் பார்க்க விருப்பமில்லை.

ஜூன் 27. ஸ்வால்வெல் தீபத்தைக் கேட்ட அன்றிலிருந்து சரியாக ஐந்து வருடம். அட்லாண்டா விவாதம். தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். பைடன் ஒரு பதிலின் நடுவில் நூல் அறுந்து நின்றார். கண் எங்கோ இருந்தது. அது திக்கல் இல்லை. என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு எங்கள் தலைமைக் காசாளர் ஞாபகம் வந்தது.

2005-ல் நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிளைக்கு மேனேஜர். அவருக்கு 59 வயது. கிளை முழுவதும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கள்ள நோட்டை விரல் நுனியில் கண்டுபிடிப்பவர். ஊரில் எந்தக் குடும்பம் அறுவடைக்கு முன்னால் பணம் எடுக்கும், எது பின்னால் போடும் என்று மனப்பாடம். கம்ப்யூட்டர் வந்த பிறகு கொஞ்சம் தடுமாறினார். நான்தான் சின்னப் பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சமாளித்தேன். மாலையில் இருப்பு ஒத்துவராத நாட்கள் வர ஆரம்பித்தன. நூறு, இருநூறு. யாருக்கும் தெரியாமல் அவரே கையிலிருந்து போட்டார். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

ஒரு நாள் நூறு ரூபாய்க் கட்டு கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்நூறு ரூபாய்க் கட்டைக் கொடுத்துவிட்டார். நாற்பதாயிரம் வித்தியாசம். வாங்கிப்போன விவசாயி மறுநாள் காலையில் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், அந்தப் புண்ணியவான். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அண்ணா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், என்னைக் கவுண்டர்லேர்ந்து எடுத்துடுங்க. நீங்களா சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதான் நானே வந்து சொல்றேன்."

அவ்வளவுதான். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே போன பிறகு எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அப்புறம்தான் வந்தது. அவரைப் பாதுகாத்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய வேலையை அவர் தலையிலேயே போட்டிருக்கிறேன் என்பது அந்தச் சாவியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பைடன் ஜூலை 21 அன்று விலகினார். கமலாவுக்குக் கிடைத்தது மூன்றரை மாதம். பிரைமரி இல்லை, நேரமும் இல்லை. தோற்றார். முன்பே விலகியிருந்தால் ஜெயித்திருப்பாரா என்று பெஞ்சில் நாம் மாதக்கணக்கில் பேசினோம். அதற்கு விடை இல்லை. ஆனால் என் பங்கு எனக்குத் தெரியும். அனுபவம் இருக்கிறதா, ஜெயிப்பாரா என்று 2020-ல் இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டும் சரியான கேள்விகள், அன்றைக்குச் சரியான விடைதான் கிடைத்தது. போதும் என்று இவரிடம் யார் சொல்வார்கள் என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. பிரைமரி என்பதே அதைச் சொல்வதற்கான இடம் என்பது 2024-ல் உறையை ஒட்டும்போது தோன்றவே இல்லை. மேலே இருப்பவர்கள் யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். 2000-ல் என்னை வயதுக்காகக் கழித்தவர் மேல் இருந்த கோபத்தில், வயதைப் பார்ப்பதே பாவம் என்று நினைத்துவிட்டேன். அந்த நேர்காணலில் அவர் என் வயதை மட்டும் பார்த்தார். நான் 2024-ல் வயதைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தேன். இரண்டும் ஒரே தப்புதான்.

பேத்தியிடம் இதை ஒரு முறை சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "நானும் 2024-ல அவருக்குத்தான் தாத்தா போட்டேன். எனக்கும் யோசிக்கத் தோணலை" என்றாள்.

இனி நம் விஷயம். நடைக்குழுவின் பொங்கல், சுற்றுலா வரவு செலவுக் கணக்கு நோட்டு ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. வங்கிக்காரர் கையில் இருக்கட்டும் என்று நீங்கள்தான் கொடுத்தீர்கள். போன ஏப்ரல் பிக்னிக் கணக்கில் அறுபது டாலர் இடித்தது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கையிலிருந்து போட்டுவிட்டேன். ஆகஸ்டிலும் இருபத்தைந்து. உங்களில் ஒருவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். கூட்டலின் பக்கத்தில் சின்னதாகப் பென்சில் புள்ளி ஒன்று இருந்தது. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா?

வரும் சனிக்கிழமை நோட்டையும் ரசீதுகளையும் கொண்டு வருகிறேன். நம்மில் இளையவர், போன வருடம் சேர்ந்த 62 வயதுக்காரர், பெற்றுக்கொள்ளட்டும். அவர் எதிரில் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிடலாம். காபிக்கு நான் பிளாஸ்க் கொண்டு வருகிறேன், டம்ளர் மட்டும் யாராவது எடுத்து வாருங்கள்.